தடி நகராவிட்டால்: டிராக்டர் வின்ச், வயர் ரோப், கப்பி வேலையில் கோளாறு கண்டுபிடிக்க

சரிவில் நிற்கும் தைலமரத்தை வெட்டிச் சாய்ப்பது அரை மணி நேர வேலை. வெட்டிய தடியை லாரி நிற்கும் மண்பாதைக்குக் கொண்டுவந்து சேர்க்க அரை நாள் போய்விடும். கோத்தகிரி, கூடலூர், வால்பாறைப் பக்கம் தேயிலைக்குள் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக்கை எடுக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. செயின்சாவைக் கண்டால் பயந்து விலகி நிற்கிறவர்கள், தடியை இழுக்கும் இரும்புக் கம்பிவடமான ரோப் விறைத்து நிற்கும்போது அதைச் சாதாரணமாகத் தாண்டிப் போவார்கள். எனக்கு ரோப்பிடம்தான் பயம் அதிகம்.

இழுவை நின்றதும் முதலில் காதில் விழுவது, "அண்ணே, வின்ச்சுக்கு பவர் பத்தல" என்பதுதான். பெரும்பாலும் ரோப்பைச் சுற்றி இழுக்கும் எந்திரமான வின்ச்சில் ஒரு குறையும் இருக்காது. தடியின் மூக்கிலோ (முன்முனை), கப்பியின் கோணத்திலோ, கப்பி கட்டிய மரத்திலோ இருக்கும். கோளாறு தெரிவது ஓரிடம், பிறப்பது வேறிடம். அதனால்தான் இதை எந்திரத்தின் பாகவாரியாக எழுதாமல், களத்தில் என்ன தெரிகிறதோ அதை வைத்து எழுதுகிறேன்.

கணக்குக்கு ஒரே அமைப்பை எடுத்துக்கொள்வோம்: டிராக்டர் இன்ஜினின் சுழற்சியை வெளியே தரும் தண்டான பிடிஓவில் ஓடும் 4 டன் வின்ச், இரும்பு உட்கருவுள்ள 12 மி.மீ. ரோப் 50 மீட்டர். இந்த ரோப் புதிதாக இருக்கும்போது அறுக்க ஏறக்குறைய 9 டன் வேண்டும். இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல்தான் இடைவெளி. தூக்கும் வேலைக்கு ஐந்து மடங்கு வைப்பது வழக்கம் என்பதை நினைத்தால், இங்கே நம்மிடம் எவ்வளவு குறைவான பாதுகாப்பு இருக்கிறது என்று புரியும்.

எந்தக் கோளாறானாலும் முதல் நான்கு செயல்கள் ஒன்றே. இழுவையை நிறுத்துங்கள். ரோப்பைத் தளர விடுங்கள். பிடிஓவை அணையுங்கள். பிறகு வின்ச்சில் ரோப் சுற்றும் உருளையான டிரம்மிலிருந்து தடி வரைக்கும் ரோப் போகும் வழியில் ஒருவர் நடந்து பார்த்து வரட்டும். ரோப் விறைத்திருக்கும்போது நடந்து பார்க்கக் கூடாது. நிறுத்தச் சொல்லி விசில் அடிக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. இழு என்று சொல்ல ஒருவருக்கு மட்டும்.

இன்ஜின் திணறுகிறது, தடி அசையவே இல்லை

எடையிலிருந்து தொடங்குங்கள். தடியின் நடுவில் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, 0.785-ஆல் பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் கன மீட்டர் வரும். பச்சைத் தைலமரம் கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன். சில்வர் ஓக் அதைவிடச் சற்று லேசு. 60 செ.மீ. விட்டம், 6 மீட்டர் நீளம் என்றால் 1.7 டன். சமதரையில் அப்படியே தேய்த்து இழுக்க எடையில் பாதிக்கு மேல், மண்ணைப் பொறுத்து முக்கால் பங்கு வரை இழுவை வேண்டும். 20 டிகிரி மேட்டில் ஏற்றினால் அதே தடிக்கு 1.8 டன் வரை கேட்கும். 4 டன் வின்ச்சுக்கு இது ஒன்றுமில்லையே என்று தோன்றும்.

இங்கேதான் டிரம்மைப் பார்க்க வேண்டும். தகட்டில் எழுதியிருக்கும் 4 டன் பெரும்பாலும் டிரம்மின் முதல் அடுக்குக்கான கணக்கு. டிரம் 10 செ.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால், முதல் அடுக்கில் ரோப்பின் நடு, அச்சிலிருந்து 56 மி.மீ. தூரத்தில் இருக்கும். நாலாவது அடுக்கில் அது 92 மி.மீ. ஆகிவிடும். தூரம் கூடியதற்கு ஏற்ப விசை குறையும்: 4 டன் 2.4 டன்னாகிவிடும். அதாவது தடி டிராக்டருக்குப் பக்கத்தில் கிடந்து, ரோப் முழுக்க டிரம்மில் சுற்றியிருக்கும்போதுதான் வின்ச் மிகவும் சோனி. பக்கத்தில்தானே கிடக்கிறது, சுலபமாக வந்துவிடும் என்று நினைப்பது தலைகீழ்க் கணக்கு. டிராக்டரைத் தள்ளி நிறுத்துங்கள், ரோப் வெளியே போகட்டும்.

எடையும் அடுக்கும் சரியாக இருந்தால் தடியின் மூக்குக்குப் போங்கள். ஈர மண்ணில் மூக்கு ஒரு முறை புதைந்துவிட்டால் நீங்கள் இழுப்பது தடியை அல்ல, மலையை. ஏரோட்டுகிற மாதிரி மண் முன்னால் குவிந்துகொண்டே போகும். மேலே போட்ட கணக்கெல்லாம் அப்போது செல்லாது. இதற்கு மூன்று வைத்தியம் உண்டு.

முதலாவது, தடியைச் சுற்றி மாட்டி இழுக்கும் கண்ணியான சுருக்கைப் போடும் இடம். முனையிலிருந்து 30 முதல் 50 செ.மீ. விட்டுப் போடுங்கள். ரொம்ப உள்ளே போட்டால் முன்பகுதி கனத்து மூக்கு குனியும். முனையிலேயே போட்டால் உருவிக்கொண்டு வந்துவிடும். மூக்கின் அடிவிளிம்பைச் செயின்சாவால் சரிவாகச் சீவிவிட்டால் படகின் முன்பக்கம் போல மண்மேல் ஏறும். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்ய யாருக்கும் பொறுமை கிடையாது.

இரண்டாவது, உயரம். வழியில் ஒரு மரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் கப்பியைக் கட்டி ரோப்பை அதன் வழியாக விட்டால், இழுவையில் ஒரு பங்கு தடியின் மூக்கைத் தூக்கும். அமெரிக்காவின் வடமேற்குக் கரையோரக் காடுகளில் இதையே ஒரு தொழில்நுட்பமாக வளர்த்தார்கள். 1880-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் யுரேகா நகரில் ஜான் டோல்பியர் நீராவி வின்ச்சைக் கொண்டுவந்தபோது, தடி தரையோடு தரையாகத்தான் வந்தது. வழியிலிருந்த ஒவ்வொரு வேர்க்கட்டையிலும் முட்டி நின்றது. பிறகு நெடிய மரம் ஒன்றின் கிளைகளைக் கழித்து, தலையை வெட்டி, உச்சியில் கப்பி தொங்கவிட்டு இழுக்கத் தொடங்கினார்கள். மூக்கு மேலே தூக்கியபடி வந்ததால் தடி முட்டுவது குறைந்தது. நமக்கு அவ்வளவு உயரம் வேண்டாம். ஆனால் உயரத்தில் கட்டினால் மரத்தை வளைக்கும் விசை கூடும் என்பதை மறக்காதீர்கள். அந்த மரத்துக்குப் பின்பக்கம் இன்னொரு கட்டையிலிருந்து இழுத்துக் கட்டியிருக்க வேண்டும்.

மூன்றாவது, இரட்டிப்பு. திறக்கும் கப்பியைத் தடியில் மாட்டி, ரோப்பை அதன் வழியாகத் திருப்பிக் கொண்டுவந்து, வின்ச்சுக்கு அருகிலுள்ள உறுதியான கட்டையில் கட்டுங்கள். தடிமேல் விசை ஏறக்குறைய இரண்டு மடங்கு. கப்பியின் உராய்வுக்குக் கொஞ்சம் கழியும். வேகம் பாதியாகும், எட்டும் தூரமும் பாதியாகும். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: ரோப் இரண்டு மடங்கு வெளியே போவதால் டிரம் கீழ் அடுக்குக்கு வந்து, வின்ச்சின் சொந்த பலமும் கூடும். மேட்டில் தடி ஏற்ற எனக்குப் பிடித்த முறை இதுதான். ஆனால் தடியில் கப்பியை மாட்டும் ஷேக்கிளும் (பின் போட்டு மூடும் இரும்பு வளையம்) சுருக்கும் இப்போது இரண்டு மடங்கு விசையைத் தாங்க வேண்டும். ஒற்றை இழுவைக்குப் போட்ட அதே சுருக்கை வைத்துக்கொண்டு இரட்டிக்காதீர்கள்.

தடி அசைகிறது, ஆனால் ஒரு வேர்க்கட்டையில் முட்டி நிற்கிறது

இழுவையைக் கூட்டாதீர்கள். உருட்டுங்கள். சுருக்கின் கொக்கியைத் தடை இருக்கும் பக்கத்திலேயே வருமாறு திருப்பிப் போடுங்கள். இழுவை வந்ததும் கொக்கி மேலே ஏறப் பார்க்கும்; தடி தடையை விட்டு எதிர்ப்பக்கம் உருளும். உருளும் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது, கடப்பாரையோடு உதவிக்கு ஓடிவருகிறவர் முக்கியமாக.

தடி வராமல் டிராக்டர் பின்னால் போகிறது, அல்லது முன்சக்கரம் தூக்குகிறது

வின்ச்சின் அடித்தகடு மண்ணில் ஊன்றியிருக்கிறதா பாருங்கள். பாறைமேல் நிற்கும் தகடு வழுக்கும். ரோப் டிராக்டரின் பின்புறத்துக்கு நேராகப் போகிறதா பாருங்கள். பக்கவாட்டில் இழுத்தால் டிராக்டர் கவிழும், சரிவில் நின்றால் இன்னும் சீக்கிரம். டிராக்டரைத் திருப்ப இடமில்லையென்றால் நேர் பின்னால் ஒரு கட்டையில் கப்பி கட்டி ரோப்பின் திசையை அங்கே மாற்றுங்கள். முன்சக்கரம் தரையை விட்டதும் கிளட்ச் கயிற்றை விட்டுவிட வேண்டும். 'இன்னும் ஒரு அடிதானே' என்று நினைக்கிற அந்த ஒரு அடியில்தான் டிராக்டர் மல்லாரும்.

ரோப் டிரம்மின் ஒரு ஓரத்தில் குவிகிறது. அடுக்குக்குள் புதைந்து மாட்டிக்கொள்கிறது

குவிவதற்குக் காரணம் கோணம். வழுவழுப்பான டிரம்முக்கு ரோப் நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை டிகிரிக்கு மேல் விலகக் கூடாது. 30 செ.மீ. அகல டிரம் என்றால், முதல் கப்பி டிரம்முக்கு நேராக 6 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். அவசரத்தில் 2 மீட்டரில் கப்பியைக் கட்டிவிட்டு, டிரம்முக்குப் பக்கத்தில் ஒருவர் கம்பால் ரோப்பைத் தள்ளித் தள்ளி அடுக்குவதைப் பார்த்திருக்கிறேன். கம்பு ஒருநாள் நழுவும், கை உள்ளே போகும்.

புதைவதற்குக் காரணம் வேறு: முந்தின நாள் சுமையில்லாமல் தொளதொளவென்று சுற்றி வைத்தது. மேல் அடுக்கில் பெரிய இழுவை வந்ததும் ரோப் தளர்ந்த அடுக்குகளைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்கும். எடுக்க: டிரம்மை விடுவித்து, ரோப்பின் வெளிமுனையை ஒரு கட்டையில் கட்டி, எல்லோரையும் விலக்கிவிட்டு, டிராக்டரை மெதுவாக முன்னே நகர்த்துங்கள். வெடுக்கென்று இழுக்காதீர்கள். முழு ரோப்பையும் வெளியே எடுத்து, புதைந்த இடம் நசுங்கியிருக்கிறதா பார்த்துவிட்டு, 200 அல்லது 300 கிலோ தடி ஒன்றைச் சமதரையில் இழுத்தபடியே மறுபடி சுற்றுங்கள். அடுக்கு கல்சுவர் போல இறுகும்.

ரோப்பை வெளியே விடும்போது டிரம்மில் குறைந்தது மூன்று சுற்று எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும். டிரம்மில் ரோப் முனையைப் பிடித்திருக்கும் திருகு இழுவையைத் தாங்க வைத்ததல்ல. தாங்குவது சுற்றுகளின் பிடிப்பு. மூன்றாவது சுற்றுக்கு முன்னால் ரோப்பில் சிவப்பு பெயிண்ட் அடித்து வையுங்கள்.

ரோப் கப்பியிலிருந்து குதித்துப் பக்கத் தகட்டில் மாட்டுகிறது

ரோப் தளரும்போது கப்பி தன் எடையில் தொங்கிப் புரண்டு, அடுத்த இழுவையில் கோணலாகவே எழுந்திருக்கும். ரோப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விறைக்கவிட்டு, கப்பி நேராக எழுந்த பிறகு முழு இழுவை கொடுங்கள். கப்பியைக் கட்டிய பெல்ட் முறுக்கியிருந்தாலும் இதே கதைதான்.

பள்ளத்தின் அளவையும் பாருங்கள். 16 மி.மீ. ரோப்புக்குச் செய்த கப்பியில் 12 மி.மீ. ரோப் தட்டையாகும், 10 மி.மீ. கப்பியில் அது பிதுங்கி விளிம்பில் ஏறும். ஏற்கெனவே வேறொரு ரோப் பள்ளத்தில் தன் வரிகளைப் பதித்திருந்தால், புது ரோப்புக்கு அந்தக் கப்பி அரம். கிரீஸ் இல்லாத கப்பி சுழலாது, ரோப் அதன்மேல் வழுக்கித் தேயும். இழுவை முடிந்ததும் கப்பியின் அச்சைத் தொட்டால் சுட்டால், அன்று காலை யாரோ கிரீஸ் வைக்க மறந்திருக்கிறார்கள்.

கப்பி கட்டிய மரம் ஆடுகிறது, பட்டை உரிகிறது

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறி இது. மரத்தின்மேல் வரும் விசை வின்ச்சின் இழுவை மட்டும்தான் என்று நினைப்பதில்தான் பெரும் தவறு நடக்கிறது. கப்பியில் ரோப் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு விசை கூடும். 60 டிகிரி திரும்பினால் இழுவைக்குச் சமம். 90 டிகிரி திரும்பினால் 1.4 மடங்கு: 4 டன் இழுவைக்கு 5.6 டன்னுக்கு மேல். போன வழியே முழுக்கத் திரும்பி வந்தால் இரண்டு மடங்கு, 8 டன். முக்கால் அங்குல ஷேக்கிளின் அளவு 4.75 டன்தான்; 90 டிகிரி திருப்பத்துக்குக்கூட அது பத்தாது. அங்கே முக்காலே அரைக்கால் அங்குலம், 6.5 டன் ஷேக்கிள் வேண்டும். ஒரே கப்பியில் கூர்மையாகத் திருப்புவதைவிட, இரண்டு கப்பியில் பாதிப் பாதியாகத் திருப்பினால் ஒவ்வொரு மரத்துக்கும் சுமை குறையும்.

மூக்கைத் தூக்கக் கட்டும் கப்பியைத் தவிர மற்றதைத் தரையோடு ஒட்டிக் கட்டுங்கள். உயிர் மரத்தைவிடப் புதிதாக வெட்டிய அடிக்கட்டை நல்லது, கயிறு நழுவாமல் சுற்றிலும் ஒரு காடி வெட்டிக்கொள்ளலாம். நாள்பட்ட கட்டை வேர் அழுகியிருக்கும், நம்பாதீர்கள். கல்யாண முருங்கை பார்க்கத் தடியாக இருக்கும், உள்ளே சோறு. மழைக்குப் பிந்தின வாரத்தில் எந்த மரத்தையும் தனியாக நம்பாமல், அதற்கு நேர் பின்னால் இன்னொரு கட்டைக்கு இழுத்துக் கட்டிவிடுங்கள். தோட்டத்தில் நிற்க வேண்டிய நிழல் மரமானால் வயர் ரோப்பை நேரடியாகச் சுற்றாதீர்கள். அகலமான பெல்ட் போடுங்கள். சுற்றிலும் பட்டை உரிந்த மரம் மெல்லச் செத்துப்போகும், மலைப்பகுதியில் மரத்துக்குக் கணக்குக் கேட்க 1955-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது.

ரோப் திரும்பும் இடத்தில் அந்த மூலைக்கு உள்பக்கம் யாரும் நிற்கவே கூடாது. பிடித்திருக்கும் மரமோ ஷேக்கிளோ விட்டால் ரோப்பும் கப்பியும் அந்தப் பக்கம்தான் பாயும். ஷேக்கிள் பின் தொலைந்துபோய், கையில் கிடைத்த போல்ட்டைப் போட்டு இழுத்த ஒரு காலை எனக்கு மறக்காது. சத்தம் துப்பாக்கி மாதிரி கேட்டது. கப்பி எங்கே என்று தேடியபோது, 20 மீட்டர் தள்ளித் தேயிலைச் செடிகளுக்கு நடுவே பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. அந்த மூலையில் ஐந்து நிமிடத்துக்கு முன்னால் மேஸ்திரி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். போல்ட்டை மாட்டியது நான்தான்.

ரோப்பில் கம்பி முள் எழும்புகிறது, முறுக்கு விழுகிறது, கூண்டு போல உப்புகிறது

கையுறை போட்ட கையாலும் ரோப்பைத் தடவிப் பார்க்காதீர்கள். பழந்துணியைச் சுற்றி மெதுவாக இழுத்தால் முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டும். ஒரு புரி (பல கம்பிகள் சேர்ந்த இழை) ரோப்பை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவரும் நீளத்துக்குள் ஆறு கம்பி அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் மூன்று அறுந்திருந்தாலோ, அந்த ரோப்பின் ஆயுள் முடிந்தது. வெர்னியர் வைத்து, புரியின் மேட்டிலிருந்து எதிர் மேட்டுக்கு அளந்து பாருங்கள்: 12 மி.மீ. ரோப் 11.4-க்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம்.

முறுக்கு விழுந்த இடத்தைக் கட்டையால் தட்டி நிமிர்த்தினால் பார்க்க நேராகும், பலம் திரும்பி வராது. அந்த இடத்தை வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. முறுக்கு பெரும்பாலும் புது ரோப்பைப் பிரிக்கும்போதே விழுகிறது: சுருளைத் தரையில் படுக்க வைத்து ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முறுக்கு. சுருளைச் சக்கரம் போலத் தரையில் உருட்டிப் பிரியுங்கள். கூண்டு போல உப்புவது, இழுவையில் இருந்த ரோப் திடீரென்று விடுபட்டதன் அடையாளம். தடி எங்கோ மாட்டி, வெடுக்கென்று விட்டிருக்கிறது. ரோப்போடு கப்பி, ஷேக்கிள், கொக்கி எல்லாவற்றையும் அன்றே பாருங்கள்.

கிளாம்ப் போட்ட கண்ணி நழுவுகிறது

யு கிளாம்பின் வளைந்த கம்பி ரோப்பின் குட்டை முனைமேல் வர வேண்டும். அடித்தகடு இழுவை வரும் நீள ரோப்பின்மேல். மாற்றிப் போட்டால் வளைவு இழுவை ரோப்பைக் கடித்து வைக்கும். ஒன்று இப்படி ஒன்று அப்படி என்று போடுவதும் தப்பு. 12 மி.மீ. ரோப்புக்குக் குறைந்தது மூன்று கிளாம்ப், ஒன்றுக்கொன்று 7 செ.மீ. இடைவெளி, கண்ணிக்குள் அது நசுங்காமல் காக்கும் உலோக வளைவான திம்பிள். முதல் இழுவைக்குப் பிறகு ரோப் மெலியும், நட்டு தளரும்; மறுபடி முறுக்குங்கள். எல்லாம் சரியாகப் போட்டாலும் கிளாம்ப் கண்ணி ரோப்பின் பலத்தில் 80 சதவீதம்தான். ரோப்பில் முடிச்சு போட்டு வேலையை ஓட்டுகிறவர்களிடம் பேசிப் பயனில்லை. அவர்களை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

கீழ்நோக்கி இழுக்கும்போது ரோப் தளர்ந்து, தடி தானாக வருகிறது

இதற்கு இழுவையில் வைத்தியம் கிடையாது. தடி ரோப்பை முந்திவிட்டால் வின்ச் வெறும் பார்வையாளர்; தடி நேரே டிராக்டருக்குத்தான் வரும். ஆனைமலையில் தேக்குத் தடிகளை உச்சியிலிருந்து சறுக்கிவிட்ட இடத்துக்கு டாப்சிலிப் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் அங்கே சறுக்கிவிடுவதே வேலை. நமக்குத் தடி நிற்க வேண்டும்.

முடிந்தவரை மேலே நின்று மேல்நோக்கி இழுங்கள். கீழே இறக்கியே ஆக வேண்டுமென்றால், தடியின் பின்முனையில் தனியாக ஒரு கயிறு கட்டி, மேலே உள்ள அடிக்கட்டையில் மூன்று சுற்றுச் சுற்றி, ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும். கையில் சுற்றிக்கொண்டு விடக் கூடாது. சுற்று கட்டையில் மட்டும். டிராக்டரைத் தடி வரும் கோட்டிலிருந்து விலக்கி நிறுத்தி, கப்பியால் ரோப்பைத் திருப்பிக்கொள்ளுங்கள். இருட்டிவிட்டது, மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று போகிறீர்களென்றால் பாதி வழியில் நிற்கும் தடியின் பின்கயிற்றை அவிழ்க்காதீர்கள். கீழ்ப்பக்கம் இரண்டு இடத்தில் முளை அடித்து, கீழே இருக்கும் நடைபாதையில் ஆள் போகாதபடி கயிறு கட்டிவிட்டுப் போங்கள். காலையில் முதலில் முளையைப் பாருங்கள், ரோப்பை அப்புறம்.